பிரின்சியின் சாவியும் நாலு ஹீட்டர் பிளக்கும்

பிரின்சி, லியோ... பத்திரிகையில் இந்த வாரமும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

"வாரா வாரம் எங்களுக்குத்தானே எழுதுறீங்க, இதுல என்ன புதுசு?" என்று லியோ கேட்பான். புதுசு ஒன்று இருக்கிறது. மற்ற வாரங்களில் உங்களுக்குப் புத்தி சொல்ல எழுதினேன். இந்த வாரம் புத்தி கெட்டுப்போய் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை விடிகாலை நாலே முக்கால் மணி. நம் தெருவில் ஏழு பேர் சேர்ந்து நம் காரைத் தள்ளினார்கள். காசிமேட்டுக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க நின்ற மீன்காரம்மா இருவர்கூட அன்னக்கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து கை கொடுத்தார்கள். லியோ மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தான். பிரின்சி, நீ கீழே இறங்கி வந்து டிக்கியில் கை வைத்தாய். நான் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏன் திருப்பினேன்? அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

நம் காரைப் பற்றி வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லியோ பிறந்த வருஷம் வாங்கியது. அப்போதே அது செகண்ட் ஹேண்ட். டீசல் வண்டி. அத்திப்பட்டுப் பக்கம் ஒரு சின்ன கான்ட்ராக்ட் கம்பெனிக்கு ஓடுகிறது. ராயபுரத்தில் ஒருவர், தண்டையார்பேட்டையில் ஒருவர், திருவொற்றியூரில் இருவர் — நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு கேட்டில் இறக்க வேண்டும். நாலே முக்காலுக்கு நம் தெருவைவிட்டுக் கிளம்பிவிட்டால் நிம்மதி. ஐந்தைத் தாண்டினால் போச்சு. ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டிவிடும். இங்கே ஐந்து நிமிஷம் லேட் என்றால் அங்கே அரை மணி லேட்.

கம்பெனியில் ஒரு விதி. மூன்று தடவை லேட் ஆனால் அந்த ட்ரிப் வேறு வண்டிக்குப் போய்விடும். எனக்கு இரண்டு ஆகிவிட்டது. நம் வீட்டு அடுப்பு முக்கால்வாசி எரிவது இந்த ஒரு ட்ரிப்பில்தான் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை? அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

பெட்ரோல் எஞ்சினில் பொறி வைத்து எரிக்கிறார்கள். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்றை அமுக்கு அமுக்கென்று அமுக்கினால் அது சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆனால் ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற எஞ்சின் காலையில் ஜில்லென்று இருக்கும். மெட்ராஸில் ஏது குளிர் என்று கேட்கிறவர்கள் தை மாதம் விடிகாலையில் எங்கள் கடற்கரைத் தெருவுக்கு வந்து பனியன் மட்டும் போட்டுக்கொண்டு நின்று பார்க்கட்டும். எஞ்சினும் அப்படித்தான் நடுங்குகிறது. அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பென்சில் முனை மாதிரி ஒரு கம்பி வைத்திருக்கிறார்கள். கரண்ட் கொடுத்தால் அது பழுக்கக் காய்ந்து உள்ளே சூடு பண்ணும். அதுதான் ஹீட்டர் பிளக். நாலு சிலிண்டருக்கு நாலு.

எத்தனை செகண்ட் காய வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு டைமர் உண்டு. டேஷ்போர்டில் சுருள்கம்பி மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அணைந்ததும் சாவியைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

ஆறு மாதம் முன்னால் அந்த டைமர் செத்துப்போனது. கல்மண்டபம் பக்கம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பஷீர் பாயிடம் போனேன். அவருக்கும் எனக்கும் இருபது வருஷப் பழக்கம். என் கல்யாணத்துக்கு சீரியல் செட் கட்டியவர் அவர்தான்.

"டைமர் பூட்ச்சி ராயப்பு. இந்த மாடலுக்கு இப்ப கெடைக்காது. பட்டன் வெச்சிக் குடுத்துடறேன். அமுக்குனா ஹீட்டர் எரியும், வுட்டா அணையும்."

"எவ்ளோ நேரம் பாய் அமுக்கணும்?"

பாய் கொஞ்சம் யோசித்தார். "எண்ணச் சொன்னா நீ தப்பா எண்ணுவ. நீ எப்டியும் செபம் சொல்லிட்டுத்தான வண்டிய எடுப்ப? பட்டன அமுக்கிக்கினே சொல்லு. முடிஞ்சுதா, கைய எடுத்துட்டு சாவியத் திருப்பு."

என்ன அருமையான ஏற்பாடு பாருங்கள். பட்டனை அமுக்கிக்கொண்டே ஒரு அருள் நிறைந்த மரியே. கையை எடுத்தேன், சாவியைத் திருப்பினேன், வண்டி பிடித்தது. ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. கடையில் விற்கிற எந்த டைமரும் இவ்வளவு பொருத்தமாக இருக்காது என்று பஷீர் பாயிடமே சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஒருநாள் பிடிக்கவில்லை. முதல் லேட்.

தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அண்ணன் விசைப்படகு எஞ்சின் ஓட்டுகிறவர். "டீசல்ல தண்ணி கலந்துக்கீது, வடிச்சு உடு" என்றார். எதிர்வீட்டு முருகேசன் டிரெய்லர் ஓட்டுகிறார். "ஸ்டார்ட்டர் மோட்டார் போய்க்கினு கீது மாமு. ஒரு தட்டு தட்டு, எடுக்கும்" என்றார். அவரவர் வண்டிக்கு வந்த நோய் என் வண்டிக்கும் வந்திருக்கும் என்று அவரவர் நினைக்கிறார்கள். நான் என்ன செய்தேன்? இரண்டையும் செய்தேன். ஃபில்ட்டரை வடித்தேன், ஸ்டார்ட்டரைத் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

பஷீர் பாய் பார்த்துவிட்டு, ஒரு ஹீட்டர் பிளக் போய்விட்டது, மற்ற மூன்றும் வயசானது, நாலையும் மாற்றிவிடலாம் என்றார். மாற்றினார்.

ஆனால் எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. ஒரு செபம் போதவில்லையோ? அடுத்த நாளிலிருந்து மூன்று சொன்னேன். சூடு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கெட்டா போய்விடும்? பக்தி கூடினால் யாராவது தப்பு என்பார்களா?

இரண்டு வாரத்தில் இரண்டாவது லேட்.

இந்த முறை சத்தமே வேறு மாதிரி. சாவியைத் திருப்பினால் 'உர்... உர்...' என்று, எழுப்பினால் புரண்டு படுக்கிற மாதிரி. ஆரோக்கியம் அண்ணன் காது கொடுத்துக் கேட்டார். "இது பேட்டரிப்பா. எறங்கிக்கீது. யாராச்சும் ராத்திரி லைட்ட போட்டு வெச்சாங்களா?"

யாராவது. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது எனக்கு.

பிரின்சி, வாசகர்களுக்கு இதையும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டில் ஒன்றரை அறை. அதில் டிவி, தையல் மெஷின், லியோ, நான், அம்மா. உனக்கு இது கடைசி வருஷம். பி.காம் பரீட்சை வருகிறது. அதனால் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு காலண்டருக்குக் கீழே ஆணியில் தொங்கும் ஸ்பேர் சாவியை எடுத்துக்கொண்டு போய், காரில் பின்சீட்டில் காலை மடித்து உட்கார்ந்து படிப்பாய். மேலே குட்டி விளக்கு. சார்ஜரில் போன். அந்த காரின் பின்சீட்டுதான் உன் ரூம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "நீ லைட்டப் போட்டுக்கினு பாட்டு கேக்கறதுல எங்க எல்லார் சோறும் போவப் போவுது."

"நான் பாட்டு கேக்கல டாடி. லைட்டு மட்டும்தான். எட்டு மணிக்கு அணைச்சிட்டுதான் வந்தேன்."

"எதுத்துப் பேசாத."

ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். டேஷ்போர்டில் இருந்த சார்ஜர் ஒயரையும் பிடுங்கினேன். நீ மறுநாளிலிருந்து மாடிப்படியில் உட்கார்ந்து தெரு விளக்கில் படிக்க ஆரம்பித்தாய். ஏறி இறங்குகிறவர்களுக்காகப் படிக்குப் படி நகர்ந்து, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு.

சாவி என் பாக்கெட்டில் இருந்த நாட்களிலும் ஸ்டார்ட்டர் அப்படியேதான் 'உர்... உர்...' என்றது. அது எனக்கு உறைக்கவில்லையா? உறைத்தது. 'ஏற்கனவே கெடுத்து வைத்த பேட்டரி, உடனே தேறுமா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருத்தர் மேல் பழியைப் போட்டாகிவிட்டால் அதைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? புதுசாக ஒரு காரணம் கண்டுபிடிப்பது அதைவிடச் சுலபமாக இருக்கிறது.

இப்படித்தான் போன செவ்வாய்க்கிழமைக்கு வந்து சேர்ந்தோம். தள்ளியதில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கேட்டில் இறக்கினேன். சூப்பர்வைசர் வாட்ச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேராகப் பஷீர் பாய் கடைக்கு விட்டேன். அங்கே போனதும் என்ன ஆகும்? தொட்டவுடன் ஸ்டார்ட் ஆனது. எஞ்சின் சூடாக இருக்கிறதே. டாக்டர் வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுவிடுகிற கதைதான்.

பாய் பானெட்டைத் திறந்தார். நாலு பிளக்கின் தலையையும் சேர்த்து ஒரு தகடு இணைத்திருக்கும். அதை முதலில் கழற்றினார்.

"இத்தக் கழட்டாம பாத்தா ஒண்ணோட கரண்ட் இன்னொண்ணுல காட்டும். தனித்தனியா நிக்க வெச்சி கேக்கணும்" என்றார்.

அவரிடம் ஒரு டெஸ்ட் லேம்ப் உண்டு. ஒரு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். ஒரு ஒயரை பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டினார். இன்னொன்றால் பிளக்கின் தலையைத் தொட்டார். பிளக்குக்குள் கம்பி அறுபடாமல் இருந்தால் பல்பு எரியும். அறுந்திருந்தால் எரியாது. குழந்தைக்குக்கூடப் புரிகிற பரீட்சை.

முதல் பிளக் — எரிந்தது. இரண்டாவது — இருட்டு. மூன்றாவது — இருட்டு. நாலாவது எரிந்தது.

"புதுசு பாய் இது. ஒரு மாசம்கூட ஆவல. ரெண்டு போய்டுச்சா?"

"பூட்ச்சி."

அப்போது என் வாயிலிருந்து ஒன்று வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். "டூப்ளிகேட் பிளக் எதனா போட்டுட்டீங்களா பாய்?"

பாய் ஸ்பேனரை டூல் பெட்டியின் மூடிமேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி லுங்கியில் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு செத்த பிளக் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். முனை வீங்கி, நுனியில் உருகி, கருகிப்போன கத்திரிக்காய்க் காம்பு மாதிரி இருந்தது.

"டூப்ளிகேட்டுனா கம்முனு செத்துடும். இது அப்டி சாவல ராயப்பு. வெந்து செத்துக்கீது. எதுவோ இத்த வுடாம கொளுத்திக்கினே இருந்துக்கீது."

"எது பாய்?"

"அதான் தெர்ல."

பட்டன் அமுக்கினால் கரண்டைத் திறந்துவிடுவது ஒரு ரிலே. அது ஒட்டிக்கொண்டால் கையை எடுத்தாலும் பிளக் காய்ந்துகொண்டே இருக்குமாம். என்னை அமுக்கச் சொன்னார். 'டக்'. அவர் கையில் டெஸ்ட் லேம்ப் எரிந்தது. விடச் சொன்னார். 'டக்'. அணைந்தது. பத்துத் தடவை செய்தோம். ரிலே ஒட்டவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, மீட்டர் வைத்து, பேட்டரிக்குச் சார்ஜ் அளவுக்கு மேல் போகிறதா என்று பார்த்தார். போகவில்லை. ஒயர் எங்காவது உரசுகிறதா என்று விரலாலேயே தடவிக்கொண்டு போனார். உரசவில்லை.

"எல்லாம் கரீட்டா கீது. அப்பால எப்டி வேவுது? பேஜாரா கீதேப்பா..." பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் சொன்னா மாரிதான அமுக்கற?"

"அதவிட நல்லாவே அமுக்கறேன் பாய்."

பாய் தலையைத் திருப்பி என்னை ஒருமுறை பார்த்தார். இரண்டு புது பிளக்கை மாட்டினார். "நாளைக்கு வெடிகாலைல நானே வரேன். தெனம் எப்டி எடுப்பியோ அப்டியே எடு. எனக்காவ எதையும் மாத்தாத."

சொன்ன மாதிரியே புதன்கிழமை நாலரைக்கு வந்து நின்றார். காதை மூடி மஃப்ளர், கையில் மீட்டர். பானெட்டைத் தூக்கி மீட்டரை பேட்டரியில் மாட்டினார். "பன்னெண்டரை வோல்ட் கீது. நல்ல பேட்டரிதான். நீ உன் வேலயப் பாரு."

நான் சீட்டில் உட்கார்ந்தேன். இன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை என்றால் மூன்றாவது லேட். வேறு வண்டி வந்துவிடும். சிலுவை போட்டுக்கொண்டேன். கண்ணை மூடினேன். பட்டனை அமுக்கினேன்.

முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால் ஜன்னலுக்கு வெளியே பாயின் முகம். ஐ.சி.யூ. கண்ணாடி வழியாகப் பார்க்கிறவர்களின் முகம்.

"உசுரோடதான் கீறியா?"

"செபம் சொன்னேன் பாய்."

"ஒண்ணா?"

"பத்து."

பாய் வானத்தைப் பார்த்தார். "நான் எத்தினி சொன்னேன்?"

"ஒண்ணு. அந்த ஒண்ணுல ஒரு நாள் லேட் ஆயிடுச்சு. அதனால மூணு ஆக்கினேன். மூணுலயும் லேட் ஆச்சு. அதனால பத்து..."

"டேய், ரெண்டு நிமிசம்டா. பதினஞ்சு செகண்டு வேலைக்கு ரெண்டு நிமிசம் கொளுத்திக்கினு கீற. இரும்பு இன்னாத்துக்கு ஆவும்? வா, வந்து மீட்டரப் பாரு."

போய்ப் பார்த்தேன். பதினொன்றரைக்கு இறங்கியிருந்தது. நாலு பிளக்கும் இரண்டு நிமிஷமாக பேட்டரியை உறிஞ்சியிருக்கின்றன. அதற்கப்புறம் ஸ்டார்ட்டருக்கு ஏது பலம்?

பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிரின்சி சாவி விஷயத்தை அவரிடம் நான் முன்பே புலம்பியிருந்தேன். "அந்தக் கொயந்த படிச்ச லைட்டு இல்ல ராயப்பு. உன் பட்டன்தான் பேட்டரியக் குடிச்சிக்கீது."

எனக்கு முதலில் புரியவேயில்லை. பயந்தேன், அதனால் கூடுதலாகச் சொன்னேன். கூடுதலாகச் சொன்னதால் பிளக் வெந்தது. பிளக் வெந்ததால் லேட் ஆனது. லேட் ஆனதால் பயந்தேன்... எங்கே ஆரம்பித்தேன் என்று தேடிப் பார்த்தால் என் கட்டைவிரல் பட்டன்மேல் இருக்கிறது. ரிலேவை, ஒயரை, பேட்டரியை, பிளக்கை, பாயை, பெற்ற மகளை — எல்லோரையும் தனித்தனியாக நிற்க வைத்துக் கேட்டேன். இந்தக் கட்டைவிரலை மட்டும் ஒருதடவைகூடக் கேட்கவில்லை.

மணி நாலு ஐம்பது. "கொஞ்சம் ஆறட்டும்" என்றார் பாய். ரோட்டில் முதல் கன்டெய்னர் லாரியின் ஹார்ன் கேட்டது. மூன்று நிமிஷம் நின்றோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மூன்று நிமிஷம் இருந்ததில்லை. பிரின்சி பிறந்தபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றது மட்டும் இதில் சேராது.

"இப்ப ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. நானும் கேக்கறேன், சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொன்னேன். பாய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் "கைய எடு" என்றார். எடுத்தேன். சாவியைத் திருப்பினேன். இரண்டு சுற்று தயங்கிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. பின்னால் வெள்ளையாக ஒரு புகை வந்தது, கலைந்து போனது.

"பாய், டூப்ளிகேட்னு சொன்னதுக்கு..."

"லாரி வந்துகினு கீது. நீ கெளம்பு."

"மீதி ஒம்போது செபத்த என்னா பண்றது பாய்?"

இதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். பாயும் நிஜமாகவே பதில் சொன்னார். "வண்டி ஓடறப்ப சொல்லு. யாரு வாணாங்கறா? பட்டன்லேர்ந்து கைய எடுத்துட்டு சொல்லு."

ஆறுக்கு ஆறு நிமிஷம் முன்னாலேயே கேட்டில் இறக்கினேன். சூப்பர்வைசர் வாட்ச்சைப் பார்க்கவில்லை. திருவொற்றியூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனதில் மீதி ஒன்பதும் முடிந்திருந்தது.

பயம் வந்தால் நாம் என்ன செய்கிறோம் பிள்ளைகளா? நான் யோசித்துப் பார்த்தேன். புதுசாக எதுவும் செய்வதில்லை. ஏற்கனவே செய்துகொண்டிருப்பதையே இன்னும் கொஞ்சம் அழுத்திச் செய்கிறோம். நல்லதுதானே, எவ்வளவு அழுத்தினால் என்ன என்று நினைக்கிறோம். உள்ளே வேகிறது யாருக்கும் தெரிவதில்லை... இது பிளக்குக்கு மட்டும் பொருந்துமா, பிள்ளைகளுக்கும் பொருந்துமா? அந்த அளவுக்கு நான் படித்தவன் இல்லை. இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்குப் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். லியோ பள்ளிக்கூடம், பிரின்சி காலேஜ். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் வார்த்தை கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். கேட்க ஆள் இல்லை. சாயங்காலம் நீ வந்து நின்றால் அந்த வார்த்தை எனக்கு வருமா என்பதும் தெரியவில்லை.

திரும்பக் கீழே இறங்கிப்போய் சார்ஜர் ஒயரை டேஷ்போர்டில் பழையபடி சொருகினேன். பின்சீட்டை ஈரத்துணியால் துடைத்தேன். மேலே வந்தேன். பாக்கெட்டிலிருந்து ஸ்பேர் சாவியை எடுத்து காலண்டருக்குக் கீழே ஆணியில் மாட்டினேன். அது ஆடிக்கொண்டே இருந்தது. ஆட்டம் நிற்கட்டும் என்று ஒரு விரலால் பிடித்தேன்.

நின்றதும், கையை எடுத்துவிட்டேன்.